வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்த கணக்கு

தாராவியின் சந்துகளில் பொதுக்குழாய்க்கு முன் குடங்கள் வரிசையாக நிற்கும். ஆள் இல்லாவிட்டாலும் குடம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு குடம் நிரம்பி நகர்ந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரடி முன்னேறும். யாராவது இடையில் ஒரு குடத்தைச் செருகினால் சண்டைதான்.

இந்த வரிசையை நயா நகர் பகுதிச் சிறுமிகள் சில ஆண்டுகளுக்கு முன் செல்போனுக்குள் கொண்டுபோனார்கள். ஆவணப்பட இயக்குநர் நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய 'தாராவி டைரி' அமைப்பில் அவர்கள் கம்ப்யூட்டர் பழகினார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஆப் இன்வென்டர்' கருவியைக் கொண்டு அவர்கள் உருவாக்கிய செயலிகளில் ஒன்று 'பானி ஹை ஜீவன்', அதாவது தண்ணீரே உயிர். வீடுகள் பெயரைப் பதிந்துகொள்ளும். முறை வரும்போது செய்தி வரும். பெண்களின் பாதுகாப்புக்கு ஒரு செயலி, பள்ளிக்குப் போக முடியாத பெண்களின் படிப்புக்கு இன்னொன்று என மற்றவையும் உண்டு. பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

பாராட்டு ஓய்ந்த பிறகு வருவதுதான் கடினமான பகுதி. ஆப் இன்வென்டரில் வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். கல்லூரியில் பைத்தான் போன்ற மொழியில் வரி வரியாக எழுத வேண்டும். அங்கே முதலாண்டு மாணவர்களைத் தடுக்கி விழ வைக்கும் இடங்கள் இரண்டு: தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன், அதாவது ரிகர்ஷன், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும் பட்டியல்.

முதலாவது உண்மையில் எளிது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து மூன்று தலைமுறை கண்ட ஒரு பாட்டி, தன் வம்சத்தில் எத்தனை தலை என்று அறிய வேண்டும். எல்லோரையும் அவரே எண்ணப் போவதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உன்னையும் சேர்த்து உன் வழியில் எத்தனை பேர்?" என்று கேட்பார். பிள்ளைகளும் தத்தம் பிள்ளைகளிடம் அதையே கேட்பார்கள். பிள்ளை இல்லாதவர் 'ஒன்று' என்பார். பதில்கள் கீழிருந்து மேலே கூடிக்கொண்டே வரும். பாட்டி கடைசியில் தன்னைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. எந்தக் கிளையை ஒடித்துப் பார்த்தாலும் அதுவும் ஒரு மரம் என்பதே இதன் சூட்சுமம்.

தமிழ்நாட்டுப் பாடநூல் இதைத் 'தற்சுழற்சி' என்கிறது. சொல் சரிதான், ஆனால் கொஞ்சம் வழுக்கும். சுழற்சி என்றதும் செக்கு மாடு நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது இறங்கிப் போய்த் திரும்பி ஏறி வருவது. அடியில் நிற்கும் அந்த 'ஒன்று' இல்லாவிட்டால் இறங்கியவர் திரும்பவே மாட்டார். கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

தமிழர்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமும் அல்ல. சிறு வடிவமே பெருகிப் பெருவடிவமாகும் புள்ளிக் கோலங்களுக்கு கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய சென்னை ஆய்வாளர்கள் 1974-இல் கணித இலக்கணம் வகுத்தார்கள். மும்பையில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பது போலப் படத்தையும் உறுப்புகளாகப் பிரித்து வாசிக்கலாம் என்று 1960-களிலேயே காட்டியவர் அவர்.

யாப்பு படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இவற்றை மட்டும் அடுக்கி ஐந்து மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? கடைசி எழுத்து குறில் என்றால் முன்னே நான்கு மாத்திரை இருக்கும். நெடில் என்றால் மூன்று. ஆகவே நான்கின் விடையையும் மூன்றின் விடையையும் கூட்டினால் போதும். விடை எட்டு. லகு, குருவை வைத்து இதே கணக்கைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமசந்திரர் போட்டார். இத்தாலியின் ஃபிபனாச்சி எழுதியது அதன் பிறகு, 1202-இல்.

இதைத் தாளில் மரமாக வரைவதுதான் பயிற்சி. ஐந்துக்குக் கீழே நான்கும் மூன்றும், நான்குக்குக் கீழே மூன்றும் இரண்டும் என ஒன்றும் பூஜ்யமும் வரும் வரை இறங்கினால் 15 கட்டங்கள் வரும். வரைகிற கைக்கு உடனே ஒன்று உறைக்கும்: மூன்றின் கணக்கை இரண்டு முறையும், இரண்டின் கணக்கை மூன்று முறையும் போட்டிருக்கிறோம். ஐந்துக்கு இது பரவாயில்லை. முப்பது மாத்திரைக்குப் போனால் அழைப்புகள் ஏறத்தாழ 27 லட்சம். ஒரு முறை போட்ட கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தி அந்தத் தாளிலிருந்துதான் பிறக்கிறது. விடையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது கிட்டாது.

இரண்டாவது இடறல் பட்டியல். ரேஷன் கடைச் சுவரில் ஒரு பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதை 'கடைப் பட்டியல்' என்று ஒருவரும் 'நம்ம பட்டியல்' என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். பெயர் இரண்டு, தாள் ஒன்று. ஒருவர் அதில் ஒரு பெயரை அடித்தால் மற்றவருக்கும் அது அடிபட்டதுதான். ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்திருப்பவரின் தாளில் மட்டும் பெயர் அப்படியே இருக்கும். பைத்தானில் ஒரு பட்டியலுக்கு இன்னொரு பெயர் சூட்டினால் அது ஜெராக்ஸ் ஆகாது. இது தெரியாமல் மாணவர்கள் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு பொறி உண்டு. ஆறு பேர் வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூப்பிட்டவர் பெயரை உடனே நீக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்றாமவரை நீக்கியதும் இரண்டாமவர் முதலிடத்துக்கு நகர்ந்துவிடுவார். கம்ப்யூட்டரின் விரலோ இரண்டாம் இடத்துக்குப் போகும். அங்கே நிற்பவர் மூன்றாமவர். முடிவில் 1, 3, 5 நீங்கி 2, 4, 6 பட்டியலிலேயே நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது. குழாயடியில் இப்படி ஒருவர் விடுபட்டால் தெருவே கூடிவிடும். புரோகிராமில் கேட்க நாதியில்லை.

இரண்டும் சேரும்போதுதான் உண்மையான சோதனை. தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் ஒவ்வொரு முட்டுச்சந்துக்கும் வழி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரே ஒரு தாள். சந்துக்குள் நுழையும்போது அதன் பெயரை எழுதி, வெளியே வரும்போது அடித்துவிட வேண்டும். அடிக்க மறந்தால் முந்தைய சந்தின் பெயர் அடுத்த வழியிலும் ஒட்டிக்கொள்ளும். சரியாக அடித்தாலும் ஆபத்து தீரவில்லை. முட்டுச்சந்தை எட்டியதும் தாளை நகலெடுக்காமல் அதே தாளை 'விடை' என்று சேர்த்து வைத்தால், எல்லாச் சந்தும் சுற்றி முடித்தபின் எல்லா விடைகளும் காலியாக இருக்கும். ஏனெனில் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே தாள். முதலாண்டு மாணவரை இரவு முழுக்க உட்கார வைக்கும் பிழை இது. கட்டமும் அம்புக்குறியும் போட்டு, யார் எந்தத் தாளைப் பிடித்திருக்கிறார் என்று வரைந்து பார்த்தால் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும்.

இந்தப் பயிற்சிக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை; பென்சிலும் தாளும் போதும். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் மத்திய அரசின் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை, ஜூனியர் கல்லூரியில் ரிகர்ஷனையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கற்க வேண்டியிருக்கிறது. ரயில் பாதைக்கு அப்பால் மாட்டுங்காவில் 1887-இல் பிறந்த வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். வேலைத் தேர்வுகளில் மரமும் பட்டியலும் வழக்கமான கேள்விகள். டியூஷனுக்குப் பணம் கட்டியவர் தாண்டுகிற அந்த வேலியில், பாட்டி கணக்கைத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் தாண்டியிருக்கக்கூடியவர் சிக்கி நிற்கிறார்.

இன்று செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எழுதித் தரும், உண்மைதான். வந்த பட்டியலில் யார் விடுபட்டார் என்று பார்க்கும் பொறுப்பு மனிதருடையது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்ததற்குச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. பட்டியலில் பெயர் இருப்பதும் விடுபடுவதும் அங்கே குடும்பங்களின் தலையெழுத்து. அத்தகைய பட்டியல்கள் இப்போது கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவை எப்படி மாறுகின்றன, எது மூலம், எது நகல் என்று விளங்கிக்கொண்ட ஒரு பெண் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பது நல்லது.