ஸ்டீல் மேல இருக்கிற பூச்சும் ஸ்ட்ரக்சர்தான்

"ஸ்டீல்தான் எரியாதே, அதுக்கு எதுக்கு ஃபயர்ப்ரூஃபிங்?" சிவில் பசங்ககிட்டயே கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் "உருகிடும்ல" என்பார்கள். ஸ்டீல் உருக 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேணும். சாதாரணக் கட்டடத் தீ அவ்வளவு தூரம் போகாது. போகவும் தேவையில்லை. பலம் பாதியானாலே கதை முடிஞ்சிடலாம்.

எத்தனை டிகிரியில் பாதியாகும்? நம்ம ஐஎஸ் 800:2007-லேயே, 16-வது பிரிவில் விடை இருக்கு. 905-லிருந்து ஸ்டீலின் வெப்பநிலையைக் கழிச்சு, 690-ஆல் வகுங்க. மிச்சமிருக்கும் யீல்ட் ஸ்ட்ரெஸ்ஸின் விகிதம் வந்துடும். 560 டிகிரி செல்சியஸ் போட்டால் சரியா 0.5. பூச்சே இல்லாத ஸ்டீல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் அங்கேயே ஃபார்முலா உண்டு. ஐஎஸ்எம்பி 300-ஐ நாலு பக்கமும் தீ சூழ்ந்தால், 560 டிகிரியைத் தொட சுமார் 15 நிமிஷம். வயசானவங்க ஏழு மாடி இறங்கி வெளியே வர அந்த நேரம் பத்துமா?

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2017 ஜனவரி 19 அன்று தெஹ்ரானில் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் தீப்பிடித்து, சில மணி நேரத்திலேயே மொத்தமாகச் சரிந்தது. ஸ்டீல் ஃபிரேம், முறையான தீக்காப்பும் இல்லை, ஸ்பிரிங்க்ளரும் இல்லை. உள்ளே தீயை அணைத்துக்கொண்டிருந்த வீரர்கள் 16 பேர் செத்துப்போனார்கள்.

பூச்சு இருந்தும் விழுந்த கட்டடங்களும் உண்டு. 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை ஆராய்ந்த அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு, விமானம் மோதியதில் பூச்சு பரவலாக உதிராமல் இருந்திருந்தால், அந்தத் தீக்குக் கோபுரங்கள் பெரும்பாலும் விழுந்திருக்காது என்ற முடிவுக்கு வந்தது. அதாவது, பூச்சு ஸ்டீலோடு ஒட்டிக்கொண்டு இருக்குதா என்பதே கட்டடத்தின் தலையெழுத்தை மாத்தக்கூடிய விஷயம்.

ஆனா சைட்ல அதை யாரு பாக்குறா? வெல்டிங்கை டெஸ்ட் பண்றோம், போல்ட்டை முறுக்கிப் பாக்குறோம், கான்கிரீட் கியூபை உடைச்சுப் பாக்குறோம். ஃபயர்ப்ரூஃபிங்னு வந்தா மட்டும் "பெயின்ட் வேலைதானே" என்று விட்டுவிடுகிறோம். சூடு பட்டதும் நுரை மாதிரி உப்பி ஸ்டீலை மூடும் பெயின்ட்டாக இருந்தாலும், வெர்மிகுலைட் கலந்த ஸ்பிரேயாக இருந்தாலும், குறிச்ச தடிமன் இல்லேன்னா குறிச்ச நேரம் தாங்காது. அடிச்சு முடிச்ச பிறகு ஏசி டக்ட்காரர் கிளாம்ப் மாட்டச் சுரண்டுவார். கேபிள்காரர் இன்னொரு இடத்தில் சுரண்டுவார். அதுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் வந்துட்டா எல்லாம் மறைஞ்சு போச்சு.

"எல்லா பீமுக்கும் அடிச்சா செலவு எங்கே போறது?" நியாயமான கேள்வி. 1990-களில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் எட்டு மாடி ஸ்டீல் கட்டடம் கட்டி, அதுக்குள்ளேயே தீ வைத்துச் சோதித்தார்கள். பூச்சில்லாத பீம்கள் கடுமையாகச் சூடாகித் தொய்ந்தும் கட்டடம் நின்றது. தளமும் பீமும் சேர்ந்து சுமையைத் தாங்கிக்கொண்டன. ஆக, சில பீம்களுக்குப் பூச்சை விடலாம். ஆனா எதுக்கு விடலாம் என்பதைக் கணக்குப் போட்டு இன்ஜினியர் சொல்லணும். பட்ஜெட் இடிக்குதுன்னு கான்ட்ராக்டர் முடிவு பண்ணக் கூடாது.

"ஸ்பிரிங்க்ளர் இருக்கே" என்பவர்களுக்கு ஒண்ணு: அதுக்குப் பம்பு ஓடணும், டேங்கில் தண்ணி இருக்கணும். பூச்சுக்கு இது எதுவும் வேண்டாம், ஸ்டீல் மேல் இருந்தாலே போதும். ரெண்டும் வேணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை வெட்டக் கூடாது.

நம்மளால என்ன பண்ண முடியும்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஸ்டீல் கட்டடம் டிசைன் பண்றவங்க, 16-வது பிரிவுக்கு ஒரே ஒரு பக்கம் கணக்கு சேருங்க. இன்டர்ன்ஷிப் போற சைட்ல, பூச்சோட தடிமனை அளந்த ரெக்கார்டைக் கேளுங்க. ஃபால்ஸ் சீலிங் மூடுறதுக்கு முன்னாடி கேளுங்க.