ஜீவா என்றொரு பிம்பம்

குர்லாவிலிருந்து கோவை போகும் எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்குப் பழகிப்போன தண்டனை இது. போய்ச் சேர்வதற்குள் சாவகாசமாகப் படித்து முடிக்கத் தோதான நாவல் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படித்தவர்கள் ஜீனோவை மறந்திருக்க மாட்டார்கள். புத்தகம் படிக்கும், வாயடிக்கும், மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும் இயந்திர நாய்.

இன்று எடுத்துப் படித்தால் நாயைவிட உறுத்துவது ஜீவாதான். கதையில் எதிர்கால இந்தியாவை ஆளும் சர்வாதிகாரி. பிள்ளை பெறக்கூட அவர் அரசின் அனுமதி வேண்டும். கடைசியில் பார்த்தால் அப்படி ஓர் ஆளே இல்லை. மக்கள் வணங்கியது வெறும் ஹோலோகிராமை. இயக்கியவர்கள் வேறு.

சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். பிம்பங்கள் பின்னால் வந்தன. 2018இல் காலமான மு. கருணாநிதி 2024 ஜனவரியில் திரையில் தோன்றி, டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துச் சொன்னார். மகனின் ஆட்சியையும் மெச்சினார். வசனத்துக்கே பேர்போனவருக்கு வேறு யாரோ எழுதிய பேச்சு! அதே மாதம், 1997இல் இறந்த ஷாகுல் ஹமீதும் 2022இல் இறந்த பம்பா பாக்யாவும் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'லால் சலாம்' படத்துக்குப் பாடினார்கள். பழைய பதிவுகளிலிருந்து குரலின் சாயலை இயந்திரம் கற்றுக்கொண்டு, புதிய பாட்டின் மேல் அதைப் போர்த்துகிறது. குடும்பங்களின் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை என்பது அவர் மகன் சரணின் புகார். தெலுங்குப் படம் ஒன்றின் மீது அவர் நோட்டீஸ் அனுப்பினார்.

ரஹ்மான் செய்தது நாணயமான காரியம். ஆனால் உயிரோடிருக்கும் பாடகர் சம்பளம் பேசுவதோடு நிற்பதில்லை; மெட்டு பிடிக்கவில்லை, வரி சரியில்லை என்று எழுந்து போகவும் செய்வார். அந்த உரிமையைக் குடும்பத்தார் அவருக்காகப் பயன்படுத்த முடியுமா? அரசியல் மேடையில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பிம்பம் கட்சி மாறாது, முரண்டு பிடிக்காது, எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்லும். ஜீவாவும் அப்படித்தான்.

சுஜாதாவின் பெயர் தாங்கிய 'எந்திரன்' 2010இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து வெளியானது. அதில் அவருடைய வசனங்கள் உயிரோடிருந்தபோது அவரே எழுதியவை.