முத்திரை இயந்திரம் பாஸ்டனில் பிறந்ததா?

அஞ்சல்தலையில் முத்திரை குத்தும் இயந்திரம் 1876இல் பாஸ்டன் நகரில் தாமஸ் லெவிட்டின் கைவண்ணத்தில் பிறந்தது என்றும், அதற்கு முன் லண்டனில் நடந்தவை பலிக்காத சோதனைகளே என்றும், விரைவு ஒன்றே இவ்வியந்திரங்களின் நோக்கம் என்றும் ஒரு கருத்து பரவலாக வழங்கி வருகிறது. இதன் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே ஆராயத்தக்கது.

பிறப்பைப் பற்றிய கூற்று காலக்கணக்கிலேயே தவறுகிறது. அஞ்சல் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன ரோலண்ட் ஹில்லின் மகனான பியர்சன் ஹில் தம் இயந்திரத்தை லண்டன் தலைமை அஞ்சலகத்தில் 1857இலேயே சோதனைக்கு வைத்தார். முத்திரையின் முகம் மேசைப்பரப்புக்கு எப்போதும் இணையாகவே இறங்குமாறு கைநெம்புகோலை அமைத்த அவருடைய அடுத்த வடிவம் 1858இல் வந்தது. முகம் சாய்ந்தால் ஒரு பக்கம் மை அப்பி மறுபக்கம் வெறுமையாகிவிடும் என்பது கைமுத்திரை பிடித்தவர் யாவரும் அறிந்ததே. கையால் இயக்கப்பட்டதை இயந்திரம் எனக் கொள்ளலாகாது என்பாருமுண்டு. லெவிட்டின் தொடக்ககால இயந்திரமும் கையால் சுழற்றப்பட்டதே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சோதனைகள் பலிக்கவில்லை என்பது பாதி உண்மை. 1858இல் வந்த ரைடவுட்டின் இயந்திரம் விரைவில் மறைந்தது. பின்னர் வந்த அசெமார், ஹோஸ்டர் ஆகியோரின் இயந்திரங்களும் நிலைக்கவில்லை. ஆனால் ஹில்லின் இணைநகர்வு இயந்திரம் பல ஆண்டுகள் பணியாற்றியது. அது பதித்தது இரட்டை முத்திரை, அதாவது ஊரும் தேதியும் காட்டும் வட்டமும், அஞ்சல்தலையைச் செல்லாததாக்கும் கோடுகளும் ஒரே அடியில் விழும் முத்திரை. இவ்விணைப்பு 1853 முதலே இங்கிலாந்தின் கைமுத்திரைகளில் இருந்ததால் ஹில்லை அதன் மூலவர் என்பது மிகையாகும். எனினும் இயந்திரத்துக்குள் அது புகுந்த வழி லண்டன் வழியே. பிற்கால இயந்திர முத்திரைகள் பெரும்பாலானவற்றிலும் வட்டமும் கோடுகளும் அருகருகே நிற்கின்றன.

விரைவே நோக்கம் என்பதும் ஏற்கத்தக்கதன்று. ஒரு முறை பயன்பட்ட தலையைக் கழுவி மீண்டும் ஒட்டும் மோசடியே அதிகாரிகளின் நெடுநாள் கவலை. 1840இன் கறுப்புப் பென்னித் தலைமீது இடப்பட்ட சிவப்பு மையை எளிதில் அகற்ற முடிந்ததாலேயே 1841இல் மை கறுப்பாகவும் தலை சிவப்பாகவும் மாறின. அமெரிக்காவிலோ மை தாளுக்குள் ஊறும்படி 1867 முதல் தலைகளிலேயே சிறு புள்ளிகளை அழுத்தித் தாளின் இழைகளை உடைத்தனர். ஆழ்ந்து, சீராக, முழுமையாகப் பதிவதே முத்திரைக்கு முதற்கடமையாக இருந்தது.

அமெரிக்க வெற்றிக்கு அமைப்பின் மேன்மையை மட்டும் காரணங்காட்டுவதும் பொருந்தாது. லெவிட்டின் இயந்திரம் முதலில் சிறந்தது அஞ்சலட்டைகளில். 1873இல் அமெரிக்காவில் அறிமுகமான அவை ஒரே அளவும் ஒரே தடிப்பும் உடையவை; தலையும் அச்சிட்ட இடத்திலேயே இருக்கும். உறைகளோ பலவிதம். அவற்றை ஒரே முகமாக அடுக்கித் தலையுள்ள மூலையை முத்திரைக்கு நேரே கொண்டுவரும் வேலையைப் பணியாளர்களே செய்துவந்தனர். தலையைத் தானே கண்டறியும் இயந்திரத்துக்காக முதுகில் கிராஃபைட் கோடிட்ட தலைகளைப் பிரிட்டிஷ் அஞ்சல்துறை சவுத்தாம்டன் சோதனைக்கென வெளியிட்டது 1957இல்தான்.