72 மணி நேரத்துக்குள் கதவு திறக்க வேண்டும்
எச்.ஐ.வி. பரிசோதனை குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு:

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளி ராஜா விளம்பரம் வந்தது. அந்தப் பெயரை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஆணுறை கிழிந்துபோன மறுநாள் எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள், படித்தவர்களே விழிக்கிறார்கள்.

முதல் கோரிக்கை இதைப் பற்றியதுதான். தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சனிக்கிழமை இரவு பயந்தவர் திங்கட்கிழமை காலை ஓ.பி. திறக்கும்வரை காத்திருந்தால் அவகாசத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆகவே எல்லா அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் இரவு பகலாக முதல் சில நாளுக்கான மாத்திரையாவது இருக்க வேண்டும். ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும் மட்டுமல்ல, கேட்டு வருகிற எவருக்கும், ‘ஏன், யாரோடு’ என்ற விசாரணை இல்லாமல்.

இரண்டாவது, பரிசோதனைச் சீட்டு. சம்பவம் நடந்த பத்தாம் நாள் பரிசோதித்து ‘நெகட்டிவ்’ என்று வாங்கிப் போகிறவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. ஆய்வகத்தில் ஆன்டிஜெனையும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்குத் தொற்று பிடிபட 18 முதல் 45 நாள் ஆகலாம். விரலில் குத்திப் பார்க்கும் துரிதச் சோதனைக்கு 90 நாள்வரைகூட. சீக்கிரம் வந்தவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு நம்பிக்கை மையம் தரும் ஒவ்வொரு சீட்டிலும் மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள் என்கிறோம். தனியார் ஆய்வகங்களுக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள்.

கொசுக்கடி, ஒரே டம்ளர், பொதுக் கழிப்பறை, முத்தம் என்று பயந்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றால் பரவாது. பரவுவது ஆணுறையில்லாத உறவில், பகிர்ந்த ஊசியில், தொற்றுள்ள ரத்தத்தில், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளைக்கு. அதிலும் ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்குள்ள அபாயம் பல மடங்கு. அரசுச் சுவரொட்டி அந்த வார்த்தையைச் சொல்லக் கூசுகிறது, கூச்சத்தை விடுங்கள். எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உறவு மூலம் தொற்று பரவாது என்பதையும் அதே சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கர்ப்பிணிக்குச் செய்யும் பரிசோதனையைக் கணவருக்கும் செய்ய அழைப்புக் கொடுங்கள். மனைவிக்கு மட்டும் பார்த்துவிட்டு, பாலூட்டும் காலத்தில் தொற்று வந்தபின் வருந்திப் பயனில்லை.

சாத்தூரை மறக்க முடியுமா? 2018 டிசம்பரில் அங்கே கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016 ரத்ததான முகாமிலேயே தெரிந்திருந்தும் சேதி அவரைச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தானே அறிந்து, தானாக வந்து சொன்னவர் அவர். சேதி சேர்ந்ததா என்பதை ரத்த வங்கி உறுதிசெய்து பதிய வேண்டும். ரகசியம் காக்கிறோம் என்று சொல்லி, உரியவருக்கே சொல்லாமல் விடுவது ரகசியம் ஆகாது.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லாமலே ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்தச் சட்டப்படியான குறைதீர்ப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், 1097 உதவி எண்ணோடு, ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் லாரிப் பேட்டையிலும் எழுதப்பட வேண்டும்.

எந்த மருத்துவமனையில் எந்தத் தேதியிலிருந்து இரவில் மாத்திரை கிடைக்கும் என்ற பட்டியலை மாவட்ட வாரியாக, எழுத்தில் கேட்கிறோம்.