கேஷுவால்டியில் எச்.ஐ.வி. சோதனை: யாருக்காக?

ராத்திரி 11 மணி. ஸ்கூட்டரில் போனவர் லாரி மோதி விழுகிறார். தலையில் காயம். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார்கள். "முதல்ல எச்.ஐ.வி. டெஸ்ட் எடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அங்கே சொன்னால்?

அப்படிச் சொல்லக்கூடாது. சட்டம் இருக்கிறது!

2017-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சோதனை செய்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போட முடியாது. கிருமி இருக்கிறது என்று விரட்டவும் முடியாது. சோதிக்க வேண்டுமானால் நோயாளியின் சம்மதம் வேண்டும்.

டாக்டருக்குப் பாதுகாப்பு?

"டாக்டர், நர்சு கதி என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் அது சோதனையில் சிக்காமல் போகலாம். சீட்டில் 'இல்லை' என்று வரும். கிருமி உள்ளே இருக்கும். அந்தச் சீட்டை நம்பி வெறுங்கையால் தொட்டால் ஆபத்து. யார் ரத்தமானாலும் கையுறை போட்டே தொட வேண்டும். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

லண்டன் வழி

அப்படியானால் கேஷுவால்டியில் சோதனையே வேண்டாமா? வேண்டும்!

லண்டன் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் 2022 ஏப்ரலில் ஒரு திட்டம் வந்தது. வயிற்று வலி என்று வந்தவருக்கு ரத்தம் எடுக்கிறார்களா? அதிலேயே எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுவார்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுவார்கள். ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. எல்லோருக்கும் ஒரே சோதனை என்பதால் வெட்கமும் இல்லை. தனக்கு இருக்கும் என்று கனவிலும் நினைக்காதவர்கள் இப்படித்தான் அகப்படுகிறார்கள்.

தெரிந்தால் என்ன லாபம்?

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்று இங்கே மருந்து கிடையாது. 2004-ல் தாம்பரம் ஆஸ்பத்திரியில் இலவச மருந்து வந்தது. இன்று தினமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. சீக்கிரம் தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். விஷயம் வெளியே போகாது.

"டெஸ்ட் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள். "எடுத்தால்தான் வைத்தியம்" என்றால், "சட்டம் தெரியுமா சார்?" என்று கேளுங்கள்!