60 வயசுல டைட் டவுசரா? கிண்டல் செய்றவங்க கொஞ்சம் கவனிங்க!

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்கு கடற்கரை சாலை பக்கம் போனால் இந்த காட்சியை பார்க்கலாம். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று வரிசையாக சைக்கிள்கள் பறக்கும். ஓட்டுவது வாலிபர்கள் மட்டும் இல்லை. பேரன், பேத்தி எடுத்த தாத்தாக்களும்தான்.

உடம்போடு ஒட்டிய கருப்பு டவுசர். கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று கண்ணை பறிக்கும் கலரில் சட்டை. தொப்பை தனியாக தெரியும். டீக்கடையில் நிற்பவர்கள் கண்ஜாடை காட்டி சிரிப்பார்கள். "இந்த வயசுல பெருசுக்கு இதெல்லாம் தேவையா?" இதுதான் வழக்கமான கமெண்ட்.

சரி, தேவையா இல்லையா? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

மாமா தெரியும், 'மாமில்' தெரியுமா?

இந்த கிண்டல் நம்ம ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2010-ம் ஆண்டு மின்டெல் என்ற மார்க்கெட் ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயரே வைத்தது. அதுதான் 'மாமில்'. லைக்ரா துணி மாட்டிய நடுத்தர வயது ஆண் என்பதன் ஆங்கில சுருக்கம். நம்ம ஊர் 'மாமா' மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான்!

கிண்டலுக்கு எல்லாம் அசராதவர் பிரான்சு நாட்டின் ராபர்ட் மார்சாண்ட். 2017 ஜனவரியில், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி சாதனை படைத்தார். அன்று அவர் போட்டிருந்தது மஞ்சளும் ஊதாவும் கலந்த ஜெர்சி. 2021-ல் 109 வயதில் காலமானார்.

நம்ம ஊரிலும் உதாரணம் இருக்கிறது. 2021-ல் முதல்-அமைச்சராக பதவி ஏற்ற மு.க.ஸ்டாலின், அதே ஆண்டு தனது 68-வது வயதில் இதே சாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய படங்கள் பேப்பர்களில் வந்தன.

டவுசருக்குள் என்ன இருக்கு?

டைட் டவுசர் போடுவது ஸ்டைலுக்கு என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். அதன் உள்ளே உட்காரும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு பேட் தைத்திருப்பார்கள். அந்த காலத்தில் அது மெல்லிய தோலாக இருந்தது. இப்போது ஸ்பாஞ்ச். இதை ஜட்டி இல்லாமல்தான் போட வேண்டும். ஜட்டியின் தையல் உரசி புண்ணாகிவிடும் என்பதுதான் காரணம்.

லூசான பேன்ட் போட்டு 40, 50 கிலோமீட்டர் மிதித்தால் துணி சுருண்டு தொடை இடுக்கை அறுத்துவிடும். பருத்தி பனியன் வியர்வையை குடித்து கனமாகி உடம்பில் ஒட்டும். ஜெர்சி துணி சீக்கிரம் காயும். குனிந்து ஓட்டும்போது இடுப்பு தெரியாமல் இருக்க பின்பக்கம் நீளமாக வெட்டியிருப்பார்கள். செல்போன், சாவி, வாழைப்பழம் வைக்க முதுகில் 3 பை.

வயது ஏற ஏற இது ஆடம்பரம் என்ற நிலை மாறிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு சின்ன உராய்வு புண் கூட ஆற நாளாகும். வயதானவர்களின் தோல் மெலிதாகி, எலும்பும் பலம் குறைந்திருக்கும். கீழே விழுந்தால் முதலில் கையைத்தான் ஊன்றுவோம். உள்ளங்கை தோல் பிய்யாமல் காப்பது கையுறை. தொடை நடுவே மரத்துப்போனால் சீட்டை சரி செய்ய வேண்டும். தொடர்ந்து மரத்தால் டாக்டரிடம் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க கூடாது.

டைட்டாக போட கூச்சமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. பேட் வைத்த டவுசரை உள்ளே போட்டு, மேலே சாதாரண அரைக்கால் டவுசர் மாட்டிக்கொள்ளலாம். பல பெரியவர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். பெண்கள் முழுக்கால் டைட்ஸ் மேல் டீ-சர்ட் போடலாம். துப்பட்டா மட்டும் வேண்டாம். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

கண்ணில் பட்டால்தான் உயிர்

டவுசர் கதை வலி, புண்ணோடு முடிந்துவிடும். சட்டை கலரில்தான் உயிர் விஷயம் இருக்கிறது.

டென்மார்க் நாட்டில் 2012, 2013-ல் சுமார் 6,800 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதி பேருக்கு பளிச் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். ஜாக்கெட் போட்டவர்களுக்கு காயம் ஏற்படும் விபத்து 47 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களே சொன்ன கணக்கு என்பதால் கழிவு போட்டு பார்த்தபோதும் 38 சதவீதம் குறைவு.

ஆனால் பளிச் கலர் வேலை செய்வது பகல் வெளிச்சத்தில்தான். இருட்டில் அதுவும் கருப்பு சட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரவில் வண்டி லைட் பட்டதும் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டைதான் காப்பாற்றும். அதையும் கணுக்காலில் கட்டினால் இன்னும் நல்லது. கால் மேலும் கீழும் போவதை பார்த்ததும் 'சைக்கிள் போகுது' என்று டிரைவருக்கு புரிந்துவிடும். 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில், இருட்டிவிட்டால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் கட்டாயம்.

லுங்கி கட்டிய பெரியவர்

இப்போது அதே சாலையை இன்னொரு முறை பாருங்கள். அதே விடியற்காலை இருட்டில், அதே 60 வயதில் இன்னொரு கூட்டமும் சைக்கிளில் போகிறது. நைட் டியூட்டி முடித்த வாட்ச்மேன், பால் போடுபவர், கட்டிட வேலைக்கு போகிறவர், மீன் எடுக்க போகிறவர். மடித்து கட்டிய லுங்கி, மங்கிய சட்டை, ரப்பர் செருப்பு. லைட் கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது.

இவரை பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஏனென்றால் இவர் கண்ணிலேயே படுவதில்லை. லாரி டிரைவர் கண்ணுக்கும் அப்படித்தான். 2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகள் பலியானதாக மத்திய அரசு கணக்கு சொல்கிறது.

ஒரு காலத்தில் ராத்திரியில் டைனமோ லைட் இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்தி அபராதம் போடும். அந்த பயம் போய்விட்டது. வண்டிகளின் வேகம் மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது.

பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர் பல ஆயிரம் ரூபாய்க்கு டிரஸ் வாங்கலாம். பிழைப்புக்கு ஓட்டுபவருக்கு அது முடியாது. ஆனால் துப்புரவு தொழிலாளர்கள் போடுகிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய் சொச்சத்துக்கே கிடைக்கும். லாரி பின்னால் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு துண்டு வாங்கி பின் மட்கார்டில் ஒட்டலாம். வெள்ளை சட்டை போடலாம். லுங்கியை செயினில் மாட்டாதபடி ஏற்றி கட்டலாம்.

எனவே டைட் டவுசர் தாத்தாவை பார்த்து சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவர் கண்ணில் படுகிறார், வீடு திரும்பி விடுவார். உங்கள் வீட்டு பெரியவர் விடியற்காலையில் சைக்கிள் எடுக்கிறாரா? இன்றைக்கே ஒரு ஜாக்கெட் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டி வையுங்கள்.