நாற்காலிக்கும் கோத்திரமா?

பட்டணத்துப் படித்த கூட்டத்தாரிடையே இப்போது புதுவிதமாக ஜாதி பார்க்கும் வழக்கமொன்று பரவி வருகிறது. மனிதனுக்குப் பார்த்தது போதாதென்று நாற்காலிக்கும் ஜாதி பார்க்கிறார்கள். பேர்பெற்ற மேல்நாட்டுக் கலைஞர் ஒருவர் வரைந்து, அவரிடம் உரிமை பெற்ற கம்பெனியார் செய்தால் அது "அசல்" நாற்காலியாம். அதே அளவில், அதே தேக்கில், அதே பிரம்பில் நம்மூர்த் தச்சர் செய்தால் அது "நகல்" நாற்காலியாம். முன்னதற்கு விலை லட்சம். பின்னதற்குச் சில ஆயிரம். கையில் பணமில்லாதவர்கூட, நகல் வாங்கினால் நாலு பேர் நகைப்பார்களே என்று பயந்து, தவணைக் கடனில் அசலை வாங்கிவிட்டு, மாதா மாதம் அதற்கு வட்டி கட்டி விழிக்கிறார். ஆதலால் இந்த அசலின் யோக்கியதையைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

இதற்குத் தக்க உதாரணம் சண்டிகர் நாற்காலியாகும். 1950களில் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகராகச் சண்டிகர் கட்டப்பட்டபோது, பியர் ஜான்னரே என்னும் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் 1951இல் வந்து 1965 வரை அங்கே வேலை பார்த்தார். அரசாங்க ஆபீசுகளுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய சிக்கனமான மேசை நாற்காலிகள் அவரது மேற்பார்வையில் வரையப்பட்டன. யூலி சௌத்ரி என்ற இந்தியக் கலைஞரான அம்மையாரும் அவ்வேலையில் பங்கு கொண்டார். ஆனால் மரத்தை அறுத்து, இழைத்து, கோத்தவர்கள் யார்? பல பட்டறைகளில் உழைத்த சாதாரணத் தச்சர்களேயாவார்கள். பல கை பட்டதால் ஒரே மாதிரி நாற்காலியிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு.

பிற்காலத்தில் இவை கால் உடைந்தும் பிரம்பு அறுந்தும் போயின. சர்க்கார் சிப்பந்திகள் அவற்றை மொட்டை மாடியில் குவித்து, கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். அவற்றை வாங்கிய மேல்நாட்டு வியாபாரிகள் பழுது பார்த்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக் கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். தொல்பொருள் பற்றிய 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி, 100 வருஷமாகாத நாற்காலி தொல்பொருள் ஆகாது. ஆதலால் அந்தச் சட்டத்தைக் கொண்டு கப்பலேற்றுவதைத் தடுக்க முடியவில்லை.

நாம் கேட்கிறோம்: மாடியில் வெயிலில் கிடந்தபோது இருந்த மரந்தானே ஏல மேடையிலும் இருந்தது? கூடினது என்ன? ஒரு பெயர் கூடிற்று, அவ்வளவே. இதிலும் வேடிக்கை என்னவென்றால், எந்த ஆபீசின் சாமான் என்று தெரிவதற்காகக் குமாஸ்தா பெயிண்டில் எழுதி வைத்த எழுத்தும் எண்ணும் இன்றைக்கு அசலுக்கு அத்தாட்சியாய் விளங்குகின்றன. அதாவது நாற்காலிக்கு அது பூணூல் மாதிரி! பூணூலை எவன் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம் என்பதுபோல, அந்த எழுத்தையும் எவன் வேண்டுமானாலும் எழுதிக் கொள்ளலாம். பெயருக்கு இவ்வளவு விலை கொடுக்கிற சீமான்கள், அதைச் செய்த தச்சர் பெயரென்ன என்று விசாரிக்கிறார்களா? வரைந்தவருக்குச் சரித்திரம்; இழைத்தவருக்கு அன்றைய கூலி. நம் நாட்டு வருணாசிரமம் வேறென்ன சொல்லிற்று?

நிற்க. அசல், நகல் என்பதைத் தீர்மானிப்பது மரமா, சட்டமா என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்யும் இத்தகைய கலைச் சாமானுக்கு 25 வருஷமே உரிமை இருந்தது. 2016 ஜூலை 28 முதல் அதை மாற்றி, ஆக்கினவர் செத்து 70 வருஷம் வரை உரிமை உண்டு என்றார்கள். கையிலிருந்த சரக்கைத் தீர்க்க 2017 ஜனவரி 28 வரை கெடு கொடுத்தார்கள். முதல் நாள் நியாயமாக விற்ற அதே நாற்காலி மறுநாள் குற்றச் சரக்காயிற்று! செத்தவருக்கு 70 வருஷம் திவசம் கொடுக்கிற இந்தச் சங்கதி புரோகிதருக்குக்கூடத் தோன்றியிராது. நமது நாட்டில் 2000ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டப்படி, பதிவு செய்த வடிவத்துக்கு முதலில் 10 வருஷமும், நீட்டித்தால் மேலும் 5 வருஷமும் உரிமை. இது போதுமானது என்பதே நமது அபிப்பிராயம்.

அன்றியும், இந்தக் கலைஞர்களில் பலரது நோக்கமே ஏழைக்கும் எட்டவேண்டும் என்பதுதான். மைக்கேல் தோனெட் என்பவர் மரத்தை ஆவியில் வளைத்து 1859இல் செய்த 14ஆம் நம்பர் நாற்காலிக்கு 6 மரத்துண்டும் 10 திருகாணியும் 2 மரையுமே வேண்டியிருந்தன. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். 1869இல் அவரது தனியுரிமை தீர்ந்ததும் மற்றவர்களும் செய்யலானார்கள். அதனால் உலகம் கெட்டுப் போகவில்லை. காப்பிக் கடையில் உட்காருகிறவனுக்கும் நல்ல நாற்காலி கிடைத்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ் 1948இல் குறைந்த விலைச் சாமான்களுக்கென்று நியூயார்க் மியூசியம் நடத்திய போட்டிக்கே தமது நாற்காலியை அனுப்பினார். குறைந்த விலைக்கென்று பிறந்த சரக்கை இன்று அந்தஸ்துக்கென்று விற்பது யாருடைய பித்தலாட்டம்?

இப்படிச் சொல்வதால் திருட்டுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் நினைக்க வேண்டாம். உயிரோடிருந்து உழைக்கும் கலைஞனுக்கு, உரிமைக் காலத்துக்குள், அவன் மூளைக்குரிய கூலியைக் கொடுத்தே தீரவேண்டும், அவனும் தொழிலாளிதான். நகலை அசல் என்று சொல்லி விற்கிறவன் மோசக்காரன். நகலை நகல் என்றே சொல்லி நியாய விலைக்குக் கொடுக்கிறவன் யோக்கியன். சரித்திரத்துக்காகச் சில பழைய நாற்காலிகளை மியூசியத்தில் வைப்பதிலும் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் மலிவென்றால் எதையும் வாங்கலாம் என்பதும் மூடத்தனமே. ஆகவே வாங்கப் போகும் தோழர்கள் நாற்காலியின் கோத்திரத்தைக் கேளாமல் அதைக் குப்புறக் கவிழ்த்துப் பார்க்கட்டும். முழு மரமா, மரத்தூளைப் பசையிட்டு அழுத்தின பலகையா? மரத்தோடு மரம் கோத்திருக்கிறதா, வெறும் ஆணிதானா? நாலு காலும் தரையில் படிகிறதா? கால்மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறதா? பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னித்தர உள்ளூரில் ஆள் உண்டா? இவ்வளவுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் கையிலுள்ள பணத்துக்கு வாங்கலாம். பணம் போதாவிட்டால், நாலுக்குப் பதில் இரண்டு வாங்கலாம். பழையதை வாங்கிப் பழுது பார்க்கலாம். உள்ளூர்த் தச்சரிடம் அளவு சொல்லிச் செய்யச் சொல்லலாம். அப்போது பணம் தரகனுக்குப் போகாமல் உழைத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேரும். கடன் மாத்திரம் கூடாது.

மனிதனைப் பிறப்பால் மதிக்காதே, குணத்தால் மதி என்று ஊரூராய்ச் சொல்லி வருகிற நாம், நம் வீட்டுக் கூடத்தில் பிறப்புச் சீட்டைப் பார்த்து ஒரு பலகைக்கு மரியாதை செய்வது வெட்கக்கேடல்லவா? நாற்காலி நம்மைத் தாங்குவதற்கு வந்ததே தவிர, அதன் கடனை நாம் ஆயுள் முழுவதும் தாங்குவதற்கல்ல என்பதைத் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.